நூல்வழிச் சதுரங்கம்

சதுரங்கத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சென்னைவாசி ஒருவரை அழைத்திருக்கலாகாதா, மும்பையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் ஒருவன் இதைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆன மானுவல் ஆரன் தமிழகத்தவர். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரனை வென்று, பதினெட்டே வயதில் உலக வாகை சூடிய குகேஷும் சென்னைக்காரரே. மும்பையும் இவ்விஷயத்தில் வறண்ட நிலமன்று. 1974இல் நடந்த முதல் தேசிய மகளிர் போட்டியில் வென்ற வசந்தி காடில்கரும், அவருடைய சகோதரிகள் ஜெயஸ்ரீ, ரோகிணி ஆகியோரும், 1997இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற பிரவீண் திப்சேயும் இந்நகரத்தவரே.

ஆயினும் நான் பேச வந்தது வாகையர்களைப் பற்றியன்று. நாற்பது வயதைக் கடந்து, அலுவலகம் விட்டுக் கூட்ட நெரிசலில் செம்பூருக்கோ மாட்டுங்காவுக்கோ திரும்பி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் தம் ஆட்டத்தைச் சிறிது செப்பம் செய்துகொள்ள ஆசைப்படும் சாதாரண மனிதரைப் பற்றியே பேசுகிறேன். அவருக்கு ஆசான் இல்லை. கழகத்துக்குச் சென்று விளையாட நேரமும் இல்லை. இருப்பது ஒரு பலகை, முப்பத்திரண்டு காய்கள், ஒரு புத்தகம். இவற்றைக் கொண்டு அவர் எவ்வளவு தூரம் போகலாம்? எதைக் கற்கலாம், எதைக் கற்க இயலாது?

சதுரங்க அறிவை இரு கூறாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று தந்திரம், மற்றொன்று வியூகம். குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் யானையையும் தாக்குவது தந்திரம். அது கண்ணின் பயிற்சி. ஆயிரம் புதிர்களைப் போட்டுப் பார்த்தவன் ஆயிரத்தோராவதை நொடியில் காண்பான். வியூகமோ வேறு வகை. உடனடியாக வெட்டவோ வெட்டுப்படவோ ஒன்றுமில்லாத அமைதியான நிலையில், எந்தக் காயை எங்கே நிறுத்துவது, எந்தச் சிப்பாயை நகர்த்தாமல் விடுவது, எதிரியின் எந்தக் கட்டம் பலவீனமானது என்று தேர்ந்து திட்டமிடுவது அது. இதில் ஒரு சிறப்பு உண்டு. வியூகத்தை வாக்கியத்தில் சொல்ல முடியும். "இந்தச் சிப்பாய்க்குப் பக்கத்துணை இல்லை, ஆகவே அதன் முன்னுள்ள கட்டத்தில் என் குதிரையை அமர்த்துவேன்" என்று ஒருவர் சொன்னால், அதைப் பலகையில்லாமலே விளங்கிக்கொள்ளலாம். வாக்கியத்தில் சொல்லக்கூடியதைத்தானே நூல் கற்பிக்க முடியும்? ஆகவே ஆசான் இல்லாதவர் நூலிடமிருந்து பெறத்தக்க முதற்செல்வம் வியூகம்தான் என்பது என் துணிபு.

இக்காலத்தில் கைப்பேசியிலேயே உலக வாகையரை வெல்லும் ஆற்றலுள்ள கணிப்பொறி இருக்கும்போது நூல் எதற்கு என்று கேட்பர். அந்தப் பொறி, இந்த நிலை வெள்ளைக்குச் சாதகம் என்று ஓர் எண்ணைக் காட்டும். ஏன் சாதகம் என்று சொல்லாது. தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு, தீர்ப்புக்குரிய காரணங்களைப் படிக்காத வழக்கறிஞரின் நிலைதான் அதை மட்டும் நம்புபவரின் நிலை. நூலாசிரியர் பிழையாகச் சொன்னாலும் காரணத்தோடு சொல்கிறார். அந்தக் காரணத்தோடு நாம் வாதாடலாம்.

நூலே படியாமல் ஒருவர் எவ்வளவு உயரலாம் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் இந்திய முறைச் சதுரங்கத்தில் ஊறியவர். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டும் விதியும் வேறு. 1929இல் இங்கிலாந்து சென்ற அவர், அதே ஆண்டில் பிரிட்டிஷ் வாகையரானார். 1932லும் 1933லும் மீண்டும் வென்றார். ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக வாகையர் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். ஐரோப்பியர் ஏடு ஏடாக எழுதி வைத்திருந்த தொடக்க ஆட்ட இலக்கியத்தில் அவருக்குப் பயிற்சி இல்லை. முதல் பத்து நகர்வுகளில் பல சமயம் இடர்ப்பட்டு, நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் தம் ஆற்றலால் மீள்வது அவர் வழக்கம். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 2024இல்தான், அவர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அவருக்குச் சிறப்பாக அளித்தது.

இந்தக் கதையிலிருந்து நூல் தேவையில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். சுல்தான் கான் மேதை. மேதைக்கே முதல் பத்து நகர்வில் நூலின்மை இடர் தந்தது என்றால், மேதையல்லாத நமக்கு அது எத்துணை இடர் தரும்! இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், மகேஷ்சந்திர பந்தோபாத்தியாயர் என்னும் வங்காளியோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் பலவற்றை எழுதி வைத்தார். சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, மந்திரியைக் கரைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்து, நடுக்களத்தைத் தூரத்திலிருந்து தாக்கும் அந்த வங்காளியின் முறைதான் இன்று உலகெங்கும் 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயரோடு வழங்குகிறது. ஆடியவர் இந்தியர், எழுதிக்கொண்டவர் அயலார். எழுதியிராவிட்டால் அந்த ஆட்டங்கள் கல்கத்தாவோடு போயிருக்கும்.

பிறந்த மண்ணை விட்டு வெளியே வாழும் நமக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. ஆனந்தின் தந்தையார் ரயில்வே துறையில் பணியாற்றியவர். 1970களின் இறுதியில் பணி நிமித்தம் குடும்பத்தோடு பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தார். அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று நடக்கும். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. ஆகவே தாயார் சுசீலா அம்மையார் நிகழ்ச்சியில் வரும் புதிர்களைக் குறித்து வைப்பார். மாலையில் தாயும் மகனும் சேர்ந்து விடை காண்பார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு சதுரங்கப் புத்தகம். சிறுவன் பரிசுமேல் பரிசாக வாங்கவே, நிகழ்ச்சியை நடத்தியவர்கள் அவனை அழைத்து, வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்த் பிற்காலத்தில் நகைச்சுவையோடு சொன்ன செய்தி இது. மொழி தெரியாத ஊரில், அந்த வீட்டில் ஒரு தாயும் ஒரு பலகையும் சில புத்தகங்களும் இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி நூல்களுக்கு வருவோம். எதில் தொடங்குவது? பெரும்பாலோர் தொடக்க ஆட்டங்களைப் பற்றிய நூலை வாங்கி, நகர்வுகளை நெட்டுருச் செய்ய முற்படுவர். எதிரி நூலில் இல்லாத ஒன்றை ஆறாம் நகர்விலேயே ஆடிவிட்டால் நெட்டுரு அத்தனையும் வீண். நான் சொல்வது இதற்கு நேர்மாறு: ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்குங்கள். கியூபா நாட்டுக் கபாபிளாங்கா, தாம் உலக வாகையரான 1921ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட சிறு நூலில், எளிய இறுதி நிலைகளையே முதலில் வைத்தார். காய்கள் குறைந்த பலகையில் ஒவ்வொரு காயின் இயல்பும் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது.

இரண்டு செய்திகளை உதாரணமாகச் சொல்லுகிறேன். பலகையின்றியே மனத்தில் காணலாம். எதிரியின் சிப்பாய் ஒன்று தனியே ராணியாக ஓடுகிறது. உங்கள் ராஜா அதைப் பிடிப்பாரா? ஒவ்வோர் அடியாக எண்ண வேண்டியதில்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசை வரை எத்தனை கட்டங்களோ, அத்தனை கட்டப் பக்கமுள்ள ஒரு சதுரத்தை உங்கள் ராஜா இருக்கும் பக்கமாக மனத்தில் வரையுங்கள். நகர்த்தும் முறை உங்களுடையதாயின், ராஜா அந்தச் சதுரத்துக்குள் அடி வைக்க முடிந்தால் பிடிப்பார். முடியாவிட்டால் பிடிக்க மாட்டார். சிப்பாய் இன்னும் தன் முதற்கட்டத்திலேயே நின்றால், அது இரண்டு கட்டம் தாவக்கூடும் என்பதால் ஒரு கட்டம் முன்னிருப்பதாகக் கொண்டு வரைய வேண்டும்.

மற்றொன்று: உங்களிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிரியிடம் ராஜா மட்டும். சிப்பாயை முன்னே தள்ளி ராஜா பின்னே வருவதுதான் இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்தால் பல சமயம் ஆட்டம் சமனாகிவிடும். ராஜா சிப்பாய்க்கு முன்னே நடக்க வேண்டும். அவர் தம் சிப்பாய்க்கு முன்னால் ஆறாம் வரிசையை அடைந்துவிட்டாரானால், நகர்த்தும் முறை யாருடையதானாலும் வெற்றி உறுதி. கரையோரச் சிப்பாய்க்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. இந்த ஒரு செய்தியை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் பத்துக்கு மூன்று ஆட்டமாவது வித்தியாசம் இருக்கும் என்று துணிந்து சொல்வேன்.

இறுதி ஆட்டத்தில் கை பழகிய பிறகு, நகர்வுக்கு நகர்வு காரணம் சொல்லும் நூல் ஒன்று வேண்டும். இர்விங் செர்னேவ் என்னும் அமெரிக்கர் 1957இல் முப்பத்துமூன்று ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒரு நகர்வைக்கூட விடாமல் ஒவ்வொன்றுக்கும் உரை எழுதினார். கற்றவர்களுக்கு இது சலிப்பூட்டும். கற்பவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. நம் பழைய உரையாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் உரை கூறியதை ஒத்தது அது. அதன்பின், ஆங்கிலேயரான மைக்கேல் ஸ்டீன் 1978இல் எழுதிய மெல்லிய நூல். வலுவிழந்த கட்டம், வலுவிழந்த சிப்பாய், திறந்த நெடுவரிசை, இடப்பரப்பு என்று சில கருத்துகளையே எடுத்துக்கொண்டு தெளிவாக விளக்கியிருக்கிறார். அதற்கும் பிறகுதான் நிம்சோவிச்.

ரீகா நகரத்து ஆரன் நிம்சோவிச் 1925இல் ஜெர்மன் மொழியில் வெளியிடத் தொடங்கிய நூல் வியூகக் கலையின் பெருநூல் எனப் போற்றப்படுவது. அவர் காலத்தில் சதுரங்க உலகின் சட்டாம்பிள்ளையாக விளங்கியவர் டாக்டர் தாராஷ் என்னும் ஜெர்மானியர். இருவருக்கும் ஆகவே ஆகாது. நடுக்களத்தில் துணையின்றி நிற்கும் தனிச் சிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு பக்கத்து நெடுவரிசைகளிலும் அதன் இனத்துச் சிப்பாய்கள் இல்லை. தாராஷ் அதை விரும்பி ஏற்றார். அது காய்களுக்கு இடம் தருகிறது, வழிகளைத் திறந்துவிடுகிறது என்றார். நிம்சோவிச்சோ அதன் முன்னால் ஒரு காயை அசையாமல் நிறுத்தி அதை முடக்கும் கலையை விரித்துரைத்தார். யார் சொல்வது சரி? இருவரும் சொல்வது சரி என்பதே நூறாண்டுக்குப் பின் வந்த தீர்ப்பு. பலகையில் காய்கள் நிறைந்திருக்கும்போது தனிச் சிப்பாய் உயிர்ப்பு. காய்கள் குறையக் குறைய அது சுமை. ஆகவே தனிச் சிப்பாயை உடையவர் காய் மாற்றுதலைத் தவிர்க்க வேண்டும். எதிர்ப்பவர் அதை நாட வேண்டும். இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் இது விளங்கும். ஒரே நூலைப் படித்தவர் அந்த ஆசிரியரின் பிடிவாதத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

படிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். நூலில் உள்ள ஆட்டத்தை நாவல் படிப்பதுபோல் படித்தால் பயன் இல்லை. அடுத்த நகர்வை ஓர் அஞ்சலட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். நாமாயின் என்ன ஆடுவோம் என்று முடிவு செய்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு அட்டையை விலக்குங்கள். நூலாசிரியரின் நகர்வும் நம்முடையதும் வேறாக இருந்தால் அங்கேதான் பாடம் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு இவ்வாறு இரண்டு மாலைகள் பிடிக்கும். பிடிக்கட்டும், முப்பத்துமூன்று ஆட்டங்களுக்கு இரண்டு மூன்று மாதம் என்பது நம் வயதில் பெரிய காலமன்று.

துறைமுக ரயில் தடத்தில் செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதிக்கு நாள்தோறும் சென்று வரும் நேயர்கள், வண்டியில் பலகையைத் திறப்பது எங்ஙனம் என்று சிரிப்பார்கள். பலகை வேண்டாம். காலையில் ஒரு நிலையை, ஐந்தாறு காய்கள் மட்டும் உள்ளதாகப் பார்த்து, மனத்தில் பதித்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு கையால் மேற்பிடியைப் பற்றிக்கொண்டு, குர்லாவிலிருந்து வடாலா வரை அதையே எண்ணி வரலாம். மனக்கண்ணில் காய்களை நகர்த்தும் பழக்கம் இப்படித்தான் வரும்.

பழைய புத்தகங்களை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து நடைபாதையிலும் கோட்டைப் பகுதியிலும் மலிவாகக் கிடைக்கும் ஆங்கில நூல்கள் பல, பழைய குறிமுறையில் அச்சானவை. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர். வெள்ளைக்கு 'ராஜாவின் நான்காம் கட்டம்' எனப்படுவதே கறுப்புக்கு 'ராஜாவின் ஐந்தாம் கட்டம்'. உலகச் சம்மேளனம் 1980களின் தொடக்கத்திலிருந்து எழுத்தும் எண்ணும் கொண்ட குறிமுறையை மட்டுமே ஏற்கிறது. பழைய நூல் கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்டத்தைப் புதிய குறிமுறையில் நீங்களே ஒரு நோட்டில் பெயர்த்து எழுதுங்கள். பெயர்த்து எழுதும் கை மெதுவாகச் செல்லும். மெதுவாகச் செல்லும் இடத்தில் மனமும் நிற்கும். என் தொழிலில் கண்ட உண்மை இது. பாபி பிஷர் புரூக்ளினில் சிறுவனாயிருந்தபோது, சோவியத் சதுரங்க ஏடுகளைப் படிப்பதற்கென்றே ரஷ்ய மொழியை ஓரளவு கற்றார் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

மொழி என்றதும் மும்பைக்கே உரிய ஒரு வேடிக்கையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மராத்தியர் இந்த ஆட்டத்தைப் 'புத்திபள்' என்கிறார்கள். அறிவின் வலிமை என்று பொருள். யானை அவர்களுக்கும் யானைதான். ஆனால் நாம் மந்திரி என்னும் காய் அவர்களுக்கு ஒட்டகம். நாம் ராணி என்பதை அவர்கள் 'வஜீர்' என்பார்கள். வஜீர் என்றால் மந்திரி! தாராவித் தமிழ்ப் பையன் ஒருவன் மராத்தி நண்பனிடம், "உன் மந்திரி போச்சு" என்றால், அந்த நண்பன் பதறிப்போய் ராணியைத் தேடுவான்.

தாராவித் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கத்தில் வாழும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றின் பையன், ஞாயிறுதோறும் என்னோடு ஆட வருவான். வயது பதின்மூன்று. தந்திரத்தில் அவன் கண் என் கண்ணைவிடக் கூர்மை. அமைதியான நிலை வந்தால் திகைப்பான். நூல் தந்து உதவலாமென்று பார்த்தால், ஆட்ட விதிகளைக் கூறும் தமிழ் நூல்கள் எளிதில் கிடைக்கின்றன; வியூகத்தை விரித்துரைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அவன் பள்ளி ஆங்கிலம் நிம்சோவிச்சைத் தாங்காது. அறிவுள்ள பிள்ளைக்கு மொழி ஒரு பூட்டாக இருக்கலாகாதே என்று, ஸ்டீன் விளக்கும் கருத்துகளை ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் என் சொற்களில் தமிழில் எழுதி அவனுக்குக் கொடுத்து வருகிறேன். கலைச்சொல் தேடுவதில் அதிகம் மெனக்கெடவில்லை. துணையற்றது தனிச் சிப்பாய். ஒன்றின்முன் ஒன்றாக நிற்பவை இரட்டைச் சிப்பாய்கள். தோழர்கள் முன்னே போய்விட, நகர வழியின்றி நிற்பது பின்தங்கிய சிப்பாய். எதிர்க்க ஆளின்றி ஓடக்கூடியது தடையற்ற சிப்பாய். தன் சிப்பாய்களே வழி மறித்துக்கொள்ள அடைபட்டுக் கிடப்பது முடங்கிய மந்திரி. எதிரியின் சிப்பாய் எதுவும் விரட்ட முடியாத கட்டத்துக்கு 'முன்னரண்' என்று பெயர் வைத்தேன்.

அந்தச் சொல்லை அவன் ஏற்கவில்லை. நோட்டைப் படித்துவிட்டு, "மாமா, இது குதிரைக்கு லாயம் மாதிரி. தனிச் சிப்பாய்க்கு முன்னால குதிரையைக் கட்டிப்போட்டா, விரட்ட ஆளு இல்லல்ல?" என்றான். அடுத்த பக்கத்திலிருந்து நானும் 'லாயம்' என்றே எழுதுகிறேன். இதுவரை பதினொரு பாடம் ஆகியிருக்கிறது. திறந்த நெடுவரிசையில் யானையை நிறுத்துவது பற்றிய பன்னிரண்டாவது, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டும்.